கட்டினவள் அவிழ்க்கட்டும்

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள முத்துமாரி முத்துமாரி, உங்கள் கைப்பட்டையில் முப்பத்தெட்டு யூரோ மிச்சம் இருக்கிறது. பத்து நாளைக்குள் திரும்பக் கேட்காவிட்டால் அந்தப் பணம் காலாவதியாகும்.’

முத்துமாரி என் அக்கா. ஒரே ஒரு முத்துமாரிதான். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடம் காலி. அதனால் இந்த அயர்லாந்தில் எந்தப் படிவமும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. அப்பா பெயரைப் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை என்கிறது, கோடு போட்டால் சிவப்பாகிறது. கடைசியில் கைப்பட்டைப் பதிவில் என் மின்னஞ்சலைக் கொடுத்து, அவள் பெயரையே இரண்டு தடவை அடித்தேன், உடனே பச்சை விழுந்தது. இங்கே வந்த பத்தொன்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட தந்திரங்களில் இதுவும் ஒன்று.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கைப்பட்டை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பாட்டுக் கச்சேரி, குதிரைப் பந்தயம் என்று கூட்டம் கூடுகிற பல இடங்களில் இப்போது யாரும் காசைக் கையால் தொடுவதில்லை. ஒரு விரல் அகலத்துக்குத் துணிப் பட்டை ஒன்றை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிப். மணிக்கட்டில் சுற்றி, பிளாஸ்டிக் பூட்டை இழுத்து இறுக்க வேண்டும். அந்தப் பூட்டு இறுகும், இளகாது. போன் வழியாக அதற்குள் பணத்தை ஏற்றிவிட்டால் உள்ளே நுழையவும் அதுதான், காபி குடிக்கவும் அதுதான். கையைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘டிங்’ என்கிறது. எவ்வளவு போனது, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, மனசுக்கும் உறைக்காது. எல்லாம் முடிந்தபின் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

அந்த வெட்டிப் போடுவதில்தான் வந்தது வினை.

பணத்தைத் திருப்பித் தர மின்னஞ்சல்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, சிப்புக்குப் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண். அதைப் பார்த்துச் சொல்ல என்னிடம் பட்டை இல்லை. ஐந்து வாரமாக அது சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில், என் அக்காவின் இடது கையில் இருந்தது.

2

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். திரி வெட்டினாள், பெட்டி போட்டாள், இப்போது பன்னிரண்டு வருடமாகக் கேட்டில் நிற்கிறாள். காலை ஏழு மணிக்குச் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வேன்களில் பெண்கள் வந்து இறங்குவார்கள். வரிசையாக ஒவ்வொருத்தியாக அக்காவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

“கையைக் காட்டு.”

இரண்டு கையையும் நீட்ட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம். வளையல் கூடாது, மோதிரம் கூடாது, சேலையில் ஊக்கு கூடாது, கொண்டையில் ஊசி கூடாது, இடுப்பில் செல்போன் கூடாது. இரும்பும் இரும்பும் ஒரு உரசு உரசினால் போதும், என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பார்த்து முடித்தபின் அக்கா, “சரி. போ” என்பாள். அதற்குப் பிறகுதான் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக முடியும். முதலாளி வீட்டு மருமகளையே கொலுசைக் கழற்ற வைத்தவள் என்று அக்காவுக்கு ஒரு பேர் உண்டு.

எனக்கும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான். நான் நர்ஸ். இங்கே ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வாட்ச் இல்லை, வளையல் இல்லை, கோயில் கயிறுகூட இல்லை, கிருமி ஒட்டுமாம். “அக்கா மொட்டைக் கை, தங்கச்சி மொட்டைக் கை, நல்ல குடும்பம்டி” என்று அக்கா போனில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அக்காவை ஒரு மாதத்துக்கு இங்கே வரவழைத்தேன். விசாவுக்கு நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்துக் கட்டினால் தலைக்கு வைத்துப் படுக்கலாம். பட்டாசுக் கம்பெனியில் வேலை என்று எழுதப்போய், ‘வெடிபொருள்’ என்கிற வார்த்தையைப் பார்த்து ஒரு அதிகாரி மூன்று விளக்கம் கேட்டார். அது தனிக் கதை, விட்டுவிடுகிறேன்.

3

என் மகள் யாழினிக்கு இருபது வயது. டப்ளினில் படிக்கிறாள், கோடையில் அங்கேயே ஒரு காபிக் கடையில் வேலை. எங்கள் சின்ன ஊருக்கு அவள் வருவது நம்மூருக்கு மழை வருவது மாதிரி. ஆனால் ஜூலைக் கடைசியில் எங்கள் ஊர்க் கடற்கரையில் மூன்று நாள் பாட்டுத் திருவிழா நடக்கும், அதற்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவாள். இந்தத் தடவை பெரியம்மா வந்திருக்கிறாள் என்று தன் சம்பளத்தில் மூன்று டிக்கெட் வாங்கியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு அந்த மூன்று நாளும் டூட்டி, தப்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் மூன்று பட்டைகளையும் பரப்பினாள். முதலில் அக்காவின் கையைப் பிடித்தாள்.

“பெரியம்மா, கை குடுங்க. கொஞ்சம் இறுக்கும்.”

அவள் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி நின்று நின்றுதான் வரும். அக்கா கையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பூட்டு ‘கிரிக்’ என்று இறுகியது.

“எத்தன நாளைக்குத் தாயி?”

“மூணு நாள். நடுவுல கழட்ட முடியாது. குளிக்கும்போதும் இருக்கட்டும்.”

“யாரு அவுக்குறது?”

யாழினிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். “நான்தானே கட்டுனேன். நானே அவிழ்த்து விடுறேன், பெரியம்மா. பிராமிஸ்.”

எனக்கு விளங்கியது. பங்குனியில் விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கா தீச்சட்டி எடுப்பாள். அதற்குக் காப்புக் கட்ட வேண்டும், மஞ்சள் தோய்த்த கயிறு. பஞ்சு நூல் என்பதால் கம்பெனிக் கேட்டில்கூட அது ஒன்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. காப்புக் கட்டிவிட்டால் கவுச்சி கிடையாது, மெத்தையில் படுக்கக் கூடாது, கோயிலுக்குத் தவிர ஊர் எல்லை தாண்டக் கூடாது. எல்லாம் முடிந்தபின், கட்டிவிட்ட பூசாரி கையாலேயே அவிழ்த்துக்கொள்ள வேண்டும். இடையில் நூல் தானாக நைந்து அறுந்தால்கூட அக்கா பதறிவிடுவாள்.

யாழினி அடுத்த பட்டையை எடுக்கப்போனாள். அக்கா தடுத்து, “இரு, இவளுக்கு நான் கட்டுறேன்” என்று என் கையை இழுத்தாள். அக்கா என் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. “வலிக்குதாடி?” என்று கேட்டுக்கேட்டு இறுக்கினாள். யாழினிக்கு நான் கட்டினேன். ஆளுக்கு ஒரு காப்பாகக் கட்டி முடித்துத் தோசை சாப்பிட்டோம்.

4

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே சிரிப்பும் எரிச்சலும்தான்.

வாசலில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண், பட்டையை எங்கே காட்ட வேண்டும் என்று கையை நீட்டிக் கம்பத்தைக் காட்டினாள். அக்கா அந்தக் கையையே லபக்கென்று பிடித்துவிட்டாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு எஃகு வளையம் கிடந்தது.

“என்ன தாயி, இம்புட்டுக் கூட்டத்துல இரும்பெல்லாம் போட்டுக்கிட்டு?”

அந்தப் பெண் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். “இவளுக்கும் உன் வேலைதான், பழக்கதோஷம்” என்று நான் ஆங்கிலத்தில் சமாளித்தேன். அவள் சிரித்துவிட்டு “கிராண்ட்” என்றாள், பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கிராண்ட்தான், செத்துப் பிழைத்தாலும் கிராண்ட்தான்.

அக்கா கையில் கசங்காத ஐம்பது யூரோ நோட்டு ஒன்றும் இருந்தது. திருவிழாவில் தங்கச்சி மகளுக்குத் தன் காசில் ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று மதுரையில் மாற்றிக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு வறுவல் விற்கிற வண்டியில் அதை நீட்டினாள். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

“ஏன், இது செல்லாதா?”

“செல்லும்க்கா. இங்க மட்டும் செல்லாது.”

“இது வேற நாடா?”

கையைக் காட்டச் சொன்னேன், ‘டிங்’ என்றது.

“இப்ப எம்புட்டுப் போச்சு?”

“ஏழரை.”

“பாக்கி எம்புட்டு இருக்கு?”

“போன்ல பாக்கணும்.”

“யார் போன்ல?”

“யாழினி போன்லதான் ஏத்துனோம்.”

“அவ எங்கன?”

அது யாருக்கும் தெரியாது. யாழினி முதல் அரைமணி நேரம் எங்களோடு இருந்தாள், பிறகு கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அக்காவின் பணம் அக்காவின் கையில், கணக்கு மகளின் போனில், மகள் பத்தாயிரம் பேருக்கு நடுவில். நான் இரண்டு பேரையும் பெற்றவள் மாதிரி கூட்டத்தைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன்.

கோழி வறுவல் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இரவில் மெத்தையை விட்டு இறங்கிக் கம்பளத்தில் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் பக்கத்து நகரத்துக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டு, அதற்காக ஒரு டூட்டியை வேறு மாற்றி வைத்திருந்தேன். “எல்லை தாண்ட வேணாம்டி, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“அக்கா, இது காப்பு இல்ல. இது மணிபர்ஸு.”

“தெரியும்டி. நான் என்ன கூமுட்டையா? ஆனா கையில கட்டியிருக்குல்ல. கட்டியிருக்கையில கவுச்சி எதுக்கு?”

மாற்றி வைத்த டூட்டி வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

பட்டாசு எப்போது என்று மூன்று தடவை கேட்டாள். இந்த நாட்டில் சும்மா யாரும் பட்டாசு வெடிக்கக் கூடாது, சட்டம் என்றேன். அடிப்பாவி, இப்படி ஒரு ஊரிலா போய் உட்கார்ந்திருக்கிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் எல்லாரையும் கையைத் தூக்கச் சொன்னபோது, கண்ணுக்கெட்டிய தூரம் கைகள் எழும்பின. எல்லா மணிக்கட்டிலும் அதே நீலப் பட்டை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏ கனி, அங்கன பாரு. ஊரே காப்புக் கட்டியிருக்குடி.”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

5

கூட்டம் கலைகிற நேரத்தில் என் போனுக்கு யாழினியிடமிருந்து செய்தி வந்தது. டப்ளினுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டாளிகளோடு இடம் கிடைத்துவிட்டது, காலையில் காபிக் கடையில் ஷிஃப்ட், பெரியம்மாவிடம் சொல்லிவிடு. பின்னால் நாலைந்து இதயங்கள். அக்கா ஊருக்குக் கிளம்ப இரண்டே நாள்தான் இருந்தது. திங்கள்கிழமை முழுக்க வீட்டில் இருப்பேன் என்று சொன்ன பிள்ளை, முகத்தைக்கூடக் காட்டாமல் பஸ் ஏறிவிட்டது.

எனக்கு அசிங்கமாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, தன் மணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

“அப்ப இது?”

“வீட்டுக்குப் போனதும் நான் வெட்டி விடுறேன்.”

“வேணாம். அவ சொல்லியிருக்கால்ல.”

மறுநாள் காலை எனக்கு டூட்டி. ஆறு மணிக்கு எழுந்து, டீ போட்டு, கையைக் கழுவும்போது பட்டை ஞாபகம் வந்தது. இதோடு வார்டுக்குள் போக முடியாது. மேசை டிராயரில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து ‘சரக்’கென்று வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன், ஓடினேன். ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் கட்டுப் பிரிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

சாயங்காலம் வந்ததும் அக்கா கேட்டாள். “உன்னோடத எப்ப அவுத்த?”

“காலைலயே. டூட்டி இருந்துச்சுல்ல.”

“யாரு அவுத்தா?”

“கத்தரிக்கோல்” என்று சொல்லிச் சிரித்தேன்.

“ம்” என்றாள். அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் மறுபடி ஒரு தடவை கெஞ்சினேன். பையில் சின்னக் கத்தரிக்கோல்கூட வைத்திருந்தேன். “கட்டினவ அவுக்கட்டும்டி” என்று அதையே சொன்னாள். “கட்டோட எல்லைய இல்ல, கடலையே தாண்டப் போறேன். ஆத்தா என்ன நெனக்கப் போறாளோ.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீம்பு பிடித்தவள் என்று திட்டித்தான் அனுப்பி வைத்தேன்.

6

இப்போது மின்னஞ்சலுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே பதினொன்றரை இருக்கும், அக்காவைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் அவள் கம்பெனியில் இருப்பாள், செல்போன் வீட்டில் இருக்கும், கடை லீவில் வீட்டில் இருக்கும் மச்சானிடம் தகவல் சொல்லி வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அக்காவே எடுத்தாள்.

“வேலைக்குப் போகலயா?”

“இன்னைக்குப் போகல. என்னடி விசயம்?”

சிப்புக்குப் பின்பக்கம் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். பட்டை இறுக்கமாக இருக்கிறது, திரும்ப மாட்டேன் என்கிறது என்றாள். எண்ணெய் தடவிப் பார் என்றேன். அப்போது யாரோ போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மச்சான். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கெழுதுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷர்.

“ஏ கனி, இன்னைக்குப் போகலன்னா சொல்றா? மூணு வாரமாப் போகல தெரியுமா? தீவாளிக்குச் சீசன் ஓடிக்கிட்டிருக்கு. கேட்ல வேற ஆளப் போட்டுட்டாக. இந்த மாசக் கடைசிக்குள்ள வரலன்னா அந்த ஆளே இருக்கட்டும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டுப் போயிட்டாரு. வெட்டி எறிடின்னா கேக்க மாட்டேங்கா. நீ என்னத்தக் கட்டி அனுப்பிவிட்ட?”

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“பட்டையோட வரக் கூடாதுன்னு கம்பெனில சொன்னாகளா?”

“அவுக என்ன சொல்றது? எனக்குத் தெரியாதா? உள்ள என்னமோ சிப்பு இருக்கு, அதோட அங்கன நிக்கலாமா? மொத ரெண்டு வாரம் அலுப்பு, காச்சல்னு லீவுல ஓட்டுனேன். அப்பறம் ஒரு நா போய் நின்னேன். ‘எங்க கையை மட்டும் பாக்கீகளே, உங்க கையில என்னக்கா’ன்னு ஒரு பிள்ள கேட்டுச்சு. எனக்கு வாய் வரல. திரும்பி வந்துட்டேன்.”

“அப்ப வெட்ட வேண்டியதுதான? பைத்தியமா உனக்கு? பன்னெண்டு வருச வேலை, ஒரு நாடாவுக்காகவா போகணும்?”

“கட்டினவ அவுக்கட்டும்” என்று வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இது சாமி பயமா, வீம்பா, வயசுக்கோளாறா? ஐம்பத்திரண்டு வயதில் என்ன வயசுக்கோளாறு? வார்டில் ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுக்கும்போது, அவர் கையில் பேர் எழுதிக் கட்டியிருந்த பட்டையை வழக்கம்போலப் படித்துச் சரிபார்த்தேன். மூன்று தடவை படித்தேன். “நான் இன்னும் நான்தானே, சிஸ்டர்?” என்று அவர் கேட்டார்.

பணத்தைத் திருப்பித் தருகிற அலுவலகத்துக்குப் போன் போட்டு, எண் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்தேன். பட்டைக்காரர் நேரில் வரலாமே என்றார்கள். ஊரில் இருக்கிறார் என்றேன். எந்த ஊர் என்றார்கள். சிவகாசி என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கவுண்ட்டி எது, அதாவது அயர்லாந்தில் எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். வைத்துவிட்டேன்.

யாழினியைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள், சொன்னேன்.

“அம்மா, அது சும்மா ஒரு பேண்ட்.”

“அதத்தான் நானும் சொன்னேன். உன் பெரியம்மாவுக்கு வேலை போகப்போகுது.”

பின்னால் காபி இயந்திரம் இரைந்தது. “நான் பிராமிஸ் பண்ணுனேனா?” என்றாள்.

“பண்ணுன.”

“எனக்கு ஞாபகமே இல்லம்மா” என்றாள். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து நிற்பாளே, அந்தக் குரல்.

7

சனிக்கிழமை மத்தியானம் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்டேன். “இங்க இருந்து பேசணும்” என்றாள். அவள் கையில் அந்த நீலப் பட்டை அழுக்கேறி இன்னும் இருந்தது. நீ ஏன் வெட்டவில்லை என்றேன். “யாரும் வெட்ட மாட்டோம்மா. அடுத்த வருசம் வரைக்கும் வச்சிருப்போம்.” இதையும் எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டைகளைக் கட்டிக்கொண்ட அதே மேசையில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே வெயில் இறங்கியிருந்தது. மச்சான் போனைப் பிடித்திருந்தார், அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

யாழினி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினாள். “பெரியம்மா, நான் கட்டுனேன். அவிழ்க்கிறேன்னு சொன்னேன். மறந்துட்டேன். தப்பு. இப்ப என்னால வர முடியல. டிசம்பர்ல கண்டிப்பா வர்றேன். இப்ப நீங்க வெட்டிருங்க. நான்தான் சொல்றேன்.”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இம்புட்டு தூரம் பஸ்ல வந்தியா தாயி?”

“ஆமா.”

“சாப்ட்டியா?”

“இல்ல.”

“மொதல்ல சாப்புடு. முகத்தப் பாத்துச் சொல்லிட்டேல்ல, அது போதும்.” மச்சான் பக்கம் கையை நீட்டினாள். போன் ஆடியது, கூரை தெரிந்தது, ‘சரக்’ என்று ஒரு சத்தம். மறுபடி அக்கா தெரிந்தபோது இடது மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று மட்டும் இருந்தது. “திங்கக்கெழம ஏழு மணிக்குக் கேட்டுக்குப் போயிருவேன்” என்றாள்.

யாழினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கு ஐந்து நாள் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சிப்புக்குப் பின்னால் இருக்கிற எண்ணைப் படி, பணம் வரும் என்றேன். “திருவிழாவுக்குப் போட்ட காசத் திருப்பிக் கேப்பாகளா? கெடக்கட்டும் போ” என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு நிற்காதே.

“அன்னைக்கே நான் வெட்டி விடுறேன்னு சொன்னேன்ல. சின்னப்பிள்ள ஒரு வார்த்தைய மறந்ததுக்குப் போயி இம்புட்டு வீம்பா?”

அக்கா நிமிர்ந்தாள்.

“அவ மேல எனக்கு என்னடி கோவம்? பச்சப்பிள்ள, கூட்டாளிகளக் கண்டதும் மறந்துருச்சு. உன் கையில நான் கட்டுனேன்ல.”

எனக்கு உடனே பிடிபடவில்லை.

“நான் அடுத்த ரூம்லதான் படுத்துக் கெடந்தேன். முழிச்சுத்தான் கெடந்தேன். வந்து கையை நீட்டுவன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, குப்பையில டீத்தூளோட கெடக்கு.” குரலை உயர்த்தவில்லை. “இந்த ஒண்ணையாவது மொறப்படி அவுக்கட்டும்னுதான் இருந்தேன்.”

“டூட்டிக்கு நேரமாச்சுக்கா. கையில எதுவும் இருக்கக் கூடாது. உனக்குத் தெரியும்ல.”

“தெரியாமயா. எனக்குத் தெரியாத மொட்டைக் கையா.”

மச்சான் கை தளர்ந்து போன் கொஞ்சம் சரிந்தது. அக்கா அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

“கையைக் காட்டு.”

நான் காட்டினேன். இரண்டு கையையும் போனுக்கு முன்னால் நீட்டினேன். முன்பக்கம் காட்டி, பின்பக்கம் திருப்பினேன். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், மணிக்கட்டை, விரல்களை, விரல் இடுக்குகளைப் பார்த்தாள்.

“சரி. போ” என்றாள். திரை அணைந்துவிட்டது.

யாழினி தலையை நிமிர்த்தினாள். “எங்க போகச் சொல்றாங்கம்மா?”

தெரியவில்லை என்றேன். என் இரண்டு கையும் இன்னும் நீட்டியபடியே இருந்தன.